டயர் கடை மாடியில் அப்பாவானேன்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இடம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் ஒரு டயர் கடையின் மாடி. கீழே நாள் முழுக்கக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். மேலே ஒரு நீளமான அறையும், சுற்றுவேன் ஆனால் காற்று தரமாட்டேன் என்ற கொள்கையுள்ள ஒரு மின்விசிறியும் இருந்தன. அந்த அறையில்தான் நான் முதன்முதலாக அப்பாவானேன்.

பதற வேண்டாம், விளக்குகிறேன். நான் கல்யாண மேடைகளில் மைக் பிடிப்பவன். “இதோ, மணமக்கள் கேக் வெட்டுகிறார்கள்” என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற விஷயத்தை உரக்கச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். ஜொகூரில் பாதிப்பேர் கல்யாணத்தில் நான் இருந்திருக்கிறேன், என் கல்யாணத்தைத் தவிர. அதில் எனக்குச் சோகம் ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் கொஞ்சம் பயம் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் என் அக்கா மகள் போன் செய்தாள்.

“மாமா, எங்களுக்கு அவசரமா ஒரு அப்பா வேணும்.”

“உனக்குத்தான் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே, பத்தலையா?”

“விளையாடாதீங்க லா. மீசை, தொப்பை, பெரிய குரல். தெரிஞ்சவங்கள்ல மூணும் சேர்ந்து இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

என்னை இவ்வளவு துல்லியமாக யாரும் பாராட்டியதில்லை. சம்பளம் என்னவென்று கேட்டேன். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் என்றாள். ஒப்புக்கொண்டேன்.

அவளும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் இளம் பிள்ளைகளை வைத்து நாடகப் பயிற்சி நடத்தி வந்தார்கள். பையனாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள், பெண்ணாகப் பிறந்து பையனாக வாழ்கிறவர்கள், ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் என்று எல்லோரும் இருந்தார்கள். பால்புதுமையர் என்று தமிழில் ஒரு சொல் இருப்பதே அங்கு போய்த்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்குத் தெரிந்த சொற்கள் எதுவும் பத்திரிகையில் அச்சிடத் தக்கவை அல்ல. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே வருகிறவர்கள் போனை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். தெரியாத யாராவது படியேறி வந்தால், நாங்கள் நடனம் பழகுகிறோம் என்று சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. என்னைப் பார்த்துவிட்டு அதை யார் நம்புவார்கள் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

நாடகம் என்றால் வசனம் எழுதி மனப்பாடம் செய்து மேடையேற்றுவது அல்ல. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த, அல்லது நடக்கப்போகிற ஒரு கட்டத்தைச் சொல்வார். இரண்டு நாற்காலி போட்டு அதை அப்படியே நடித்துப் பார்ப்போம். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது ‘இந்த இடத்தில் வேறு மாதிரி பேசியிருக்கலாமே’ என்று தோன்றினால் கையைத் தட்ட வேண்டும். தட்டியதும் நாடகம் நின்றுவிடும். தட்டியவர் வந்து, நடிக்கிறவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் வழியில் பேசிப் பார்க்கலாம். வீட்டில் வாயடைத்துப் போகிற பிள்ளைகள் அங்கே முன்கூட்டியே பேசிப் பழகினார்கள்.

என் வேலை அப்பாவாக உட்கார்ந்து முடியாது, முடியாது என்று சொல்வது. அது எனக்கு வரவில்லை. முதல் நாள் ஒரு பையன் எதிரில் உட்கார்ந்து, “அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். “சரி விடுய்யா, பரவால்ல, சாப்பிடு” என்று சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு.

அக்கா மகள் தலையில் கை வைத்தாள். “மாமா, நீங்க அப்பாவா, ஐஸ்கிரீமா? இங்க நீங்க சட்டுனு உருகிட்டா, வெளிய நெஜ அப்பா உருகமாட்டாரு. இந்தப் பிள்ளைங்க அடிபட்டு வருவாங்க. நல்லாக் கத்துங்க.”

அதன்பிறகு கத்தப் பழகினேன். நாளிதழைச் சுருட்டி வீசினேன். “இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே” என்று மீசை துடிக்கச் சொன்னேன். நாடகம் முடிந்ததும் அதே பிள்ளைகள் எனக்குக் கறிபாப் எடுத்துவந்து, “இன்னிக்கு சூப்பர் அங்கிள், எங்கப்பா மாதிரியே அசிங்கமாத் திட்டுனீங்க” என்று தோளில் தட்டுவார்கள். இப்படி ஒரு விமர்சனத்துக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் கறிபாப்பைத் தின்பேன்.

அங்கே வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பாலோ என்ற சிற்றூரில் பிறந்தவள் என்பதால் பாலோ பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். திருநங்கை. கார் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் கடையில் வேலை. ஒரு குமிழிகூட இல்லாமல் தாளைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டும் கை அவளுடையது. நாடகத்திலும் அப்படித்தான், பேசுவதற்கு முன் பாவாடை மடிப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டைவிட்டு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் போனில் பேசுவாராம். அந்த அம்மா இறந்துபோன செய்தி தங்கச்சியிடமிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த பிள்ளை இருக்க, சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். இப்போது வருடத் திதி வரப்போகிறது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மா படத்துக்கு ஒரு பூ வைக்க வேண்டும். அதற்கு அப்பா சம்மதிக்க வேண்டும்.

வாராவாரம் நான் அந்த அப்பாவாக உட்கார்ந்தேன். எந்த மூஞ்சியோடு வந்தாய் என்று கத்தினேன். முடியை வெட்டிவிட்டு வா என்றேன். ஊர் சிரிக்கும் என்றேன். முதலில் அவள் அழுதாள். பிறகு யாராவது கை தட்டி அவள் இடத்தில் உட்கார்ந்து பேசிக் காட்டினார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள் நான் தொண்டை கிழியக் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, மடிப்பைத் தேய்க்காமல், நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அம்மாவுக்கு ஒரு பூ வைக்கணும்பா. வச்சிட்டுப் போயிடுவேன். அதுக்கு மேல உங்ககிட்ட எதுவும் கேக்கல.”

எனக்கு வசனம் மறந்துபோனது. மைக் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு வரக்கூடாத நோய் அது. எல்லோரும் கை தட்டினார்கள். அது நாடகத்தை நிறுத்தத் தட்டியது இல்லை.

அடுத்த வாரம் சம்மதம் கேட்க அவளை நானே பாலோவுக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாம் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். என் வேனின் பின்பக்கம் கல்யாண வளைவுக்கான பிளாஸ்டிக் ரோஜாக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. “இவ்ளோ பூ இருக்கே அங்கிள், அம்மாவுக்கு இதுல ஒண்ணு வச்சிரலாம், வாடவே வாடாது” என்று அவளே சிரித்தாள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. மடிப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.

வரிசை வீடுகளில் ஓர வீடு. அப்பா வெளியே ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். மீசை இல்லை, தொப்பை இல்லை, குரலும் பெரியதில்லை. இவ்வளவு நாளும் நான் யாரை நடித்தேன் என்று தோன்றியது. கேட்டைத் திறந்து, “வாங்க, வாங்க” என்றார். உள்ளே உட்காரச் சொன்னார். அவரே போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார். மூன்று கோப்பை. சுவரில் அம்மாவின் படம், குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு.

பிறகு என்னோடு பேச ஆரம்பித்தார். என்னோடு மட்டும்.

“தம்பி எந்தப் பக்கம்? ஸ்கூடாயா? அங்க ரோட்டு ஜேம் ரொம்ப மோசமாச்சே.” நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஏதாவது ஒரு ஜோக் சொல்லுங்களேன் என்றார். எனக்கு அமைதி என்றால் ஆகாது. வாய் தானாக ஓடியது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை படுத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். சிரித்தார். தாலியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நல்ல மனிதர். என் ஜோக்குக்கு இப்படிச் சிரிக்க ஆள் கிடைப்பது அபூர்வம். பக்கத்து நாற்காலியில் அவருடைய பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவர் கண் அந்த நாற்காலிப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அந்தக் கோப்பை ஆறிக்கொண்டிருந்தது.

கத்துவார் என்று நினைத்துத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருந்தோம். இது எங்கள் நாடகத்தில் இல்லை. மூன்றாவது ஜோக்கைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அப்போது அவள் கையைத் தட்டினாள்.

ஒரே ஒரு தட்டு. அப்பா திடுக்கிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் எழுந்தேன். அவள் என் நாற்காலிக்கு, அவர் நேர் எதிரே, வந்து உட்கார்ந்தாள். எங்கே அந்தப் பூ வசனத்தைச் சொல்லப்போகிறாளோ என்று நின்றிருந்தேன். அவள் வேறு ஒன்று செய்தாள். வழிப்போக்கர் வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, “ரெண்டும்மா” என்றார். “சின்னது பொண்ணு, குளுவாங்ல வேலை. பெருசு பையன்.”

“அவரு எங்க இருக்காரு?”

“ஜொகூர் பாரு பக்கம்னு சொல்லிக்கிறாங்க.” சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். “நான் செம்பனைக் குலை ஏத்தற லோரி ஓட்டுனேன்மா. சின்னதுல அவன் கூடவே வருவான். ஹாரன் அடிக்கவிடலன்னா ஒரே அழுகை. அவங்கம்மா வாசல்ல நின்னு, வண்டி வருதுன்னு ஹாரனை வச்சிக் கண்டுபுடிப்பா.”

“இப்ப வந்தா சேத்துக்குவீங்களா, ஐயா?”

“ஊரு இருக்கேம்மா.”

“அவரு நல்லா இருக்காரு. வேலைக்குப் போறாரு. நேரத்துக்குச் சாப்பிடறாரு.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவ திதி அடுத்த வாரம் தம்பி. படையல் போடறோம். அன்னிக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. நீங்களும் வாங்க. இவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

பிள்ளையாக வந்தால் அவனாக வர வேண்டும். அவளாக வந்தால் விருந்தாளியாக வர வேண்டும். அவ்வளவுதான் அந்த மனிதர் திறந்துவைக்க முடிந்த கதவு. வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்று அவளைப் பெண்ணாகவே கூப்பிட்டார் என்பதை நான் வேனில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

வண்டியைக் கிளப்பும்போது அவள் குறுக்கே கையை நீட்டி ஹாரனை ஒரு முறை அழுத்தினாள். கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் குளுவாங் ஊரைத் தாண்டினோம். பிறகு சொன்னாள்: “நீங்க எவ்வளவோ மேல் அங்கிள். நீங்க கத்துனீங்க. கத்தறவங்களுக்குப் பதில் சொல்லலாம். கோப்பி போட்டுக் குடுக்கறவர்கிட்ட என்ன சொல்ல?” ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

திதிக்கும் போனோம். வீட்டு முன்னால் கூடாரம், பிளாஸ்டிக் மேசை, வாழையிலை. படத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். நெத்திலிச் சம்பலும் பால் சேர்க்காத கோப்பி ஓவும்கூட இருந்தன. பூசைக்குச் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். நானும் அவளும் கூடாரத்தின் கடைசி வரிசையில், அக்கம்பக்கத்து ஆட்களோடு. சாதம் பரிமாறிக்கொண்டு வந்த தங்கச்சி எங்கள் மேசையில் தயங்கினாள். யாரும் கேட்காமலே பாலோ பிள்ளையின் இலையில் மட்டும் இரண்டாம் தடவை சாதம் வைத்தாள். பின்னால் யாரோ பெரியவர்கள் கூப்பிட, போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் பூப் போட்டு முடித்த பிறகு வந்தவர்களையும் போடச் சொன்னார்கள். வரிசையில் அவள் கடைசி. மல்லிகைதான் கொண்டுவந்திருந்தாள். படத்தின் கால்பக்கம் வைத்துவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த சாம்பலைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்து எடுத்தாள். குமிழி எடுக்கிற அதே தேய்ப்பு. பக்கத்தில் அப்பா கைகூப்பியபடி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் கைகூப்பினார்.

“வந்ததுக்கு நன்றிம்மா.”

“பரவால்லைங்க ஐயா,” என்றாள் அவள்.

அவள் நினைத்தபடி பூ வைத்தாயிற்று. கேட்டதெல்லாம் அதுதானே. வேனில் ஏறியதும், என் கல்யாணப் பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவள் மாடிக்கு வரமாட்டாள் என்றே நினைத்தோம். வந்தாள். போனை டின்னில் போட்டாள். “என் சீன் ஒண்ணு பாக்கி இருக்கு” என்றாள். ஒரு நாற்காலியில் பழைய காலண்டரைச் சாய்த்துவைத்து அதுதான் படம் என்றாள். என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னாள். டிஷ்யூ பேப்பரில் செய்த பூவோடு கடைசியாக வந்தாள். நான் கைகூப்பினேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

“வந்ததுக்கு நன்றிம்மா.”

பட்டென்று கை தட்டினான் ஒரு பையன். என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பாவின் இடத்தில் நின்றான். “எங்கடி போன இத்தனை நாளா?” என்றான். அடுத்து இன்னொருவன்: “இந்தப் பூவ எங்க வாங்குன? ஏமாத்திட்டான் பாரு, ஒரே காம்பு.” மூன்றாவதாகத் தட்டியது, காஹாங் ஊரிலிருந்து வரும், அதுவரை ஒரு நாள்கூட எழுந்து நடிக்காத ஒரு பெண். வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். “ஏன் இவ்ளோ லேட்டு? விருந்தாளி மாதிரி நிக்கிற? உள்ள போயி பாத்திரத்தக் கழுவு, போ!”

அறையே வெடித்துச் சிரித்தது. பாலோ பிள்ளையும் சிரித்தாள், கண்ணீர் வழிய வழிய. திட்டு வாங்குவதற்கும் ஒரு உரிமை வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சிரிப்பு அடங்கியதும் அவளே ஒரு முறை கை தட்டினாள். பேப்பர் பூவை என் கையில் கொடுத்தாள். “இப்ப நீங்க நான் அங்கிள்” என்று சொல்லிவிட்டு அப்பாவின் இடத்தில் போய் நின்றாள். மீசையும் தொப்பையுமாக நான் அவளாகி, காலண்டருக்குப் பூ வைத்துவிட்டு அவள் முன்னால் நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கைகூப்பினாள். எல்லோரும் சொல்லிக்கொடுத்த அத்தனை வார்த்தைகளில் ஏதாவது ஒன்றைச் சொல்லுவாள் என்று காத்திருந்தோம்.

“வந்ததுக்கு நன்றிம்மா,” என்றாள்.

பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள். “அந்த எடத்துல நின்னா வேற வார்த்தை வரமாட்டேங்குது. அவருக்கும் வந்திருக்காது.”

காஹாங் பெண் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் பேப்பர் பூவை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் இன்னும் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறாள். என் வேனுக்கும் கறுப்புத் தாள் ஒட்டிக்கொடுத்தாள், உங்க முகத்தை ரோட்டில் போகிறவர்கள் பார்க்காமல் இருப்பதே புண்ணியம் என்று சொல்லி. ஞாயிறு தவறாமல் மாடிக்கு வருகிறாள், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எங்கே கை தட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள். பாலோவுக்கு மறுபடி போகவில்லை. அங்கிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை.

நான் இப்போதும் மேடையேறுகிறேன், குதிரை படுத்த கதையைச் சொல்கிறேன். எல்லாம் முடிந்ததும் வருகை தந்த அனைவருக்கும் நன்றி சொல்வது என் வழக்கம், மூச்சுவிடுவதுபோல வாயில் வந்துவிடும் வாக்கியம். இப்போதெல்லாம் அதைச் சொல்வதற்கு முன்னால் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, மண்டபத்தின் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், சொந்த வீட்டு விசேஷத்துக்கே விருந்தாளியாக வந்து அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களோ என்று.